வாய்தா கேட்க ஒரு விண்ணப்பம்

(மும்பை அணுசக்தி நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ தேவாரமோ இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். தலைப்பு அழைப்பிதழிலேயே இருந்தது. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கால அவகாசம் கேட்பது பற்றிப் பேசப்போகிறேன். இப்படி ஒரு தலைப்புக்கு ஒப்புக்கொண்ட பொறுப்பாளர்களின் துணிச்சலுக்கு நன்றி. இந்த அவையில் அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்காதவர்கள் குறைவு என்பதால், இது ஒருவருக்கும் தொடர்பில்லாத விஷயம் என்று யாரும் எழுந்துபோக மாட்டீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று வரி கட்டும் ஒருவர், கெடு முடிவதற்கு முன்பே தன் பெயரில் மனுக் கொடுக்க இந்தியாவில் ஒரு காலத்தில் வழி இருந்தது. இன்று இல்லை. எல்லோருக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஒருவருக்காகக் கேட்க முடியாது. அந்த வழியை மூடியதற்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் மூடியபோது மூடக்கூடாத ஒன்றும் சேர்ந்து மூடப்பட்டுவிட்டது என்பது என் வாதம்.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன், 1860இல். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் அவர் இறந்துபோனார். அப்போது சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இந்த வரித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வருமான வரியால் வேலை இழந்த முதல் பெரிய மனிதர் நம் சென்னைக்காரர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் கேட்டது வரியே வேண்டாம் என்று. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வரி கட்டுவோம்; கணக்குக் கொடுக்க நாள் கேட்போம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1962 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, ரிட்டர்ன் பற்றிய 139ஆம் பிரிவிலேயே ஒரு சலுகை இருந்தது. உரிய முறையில் விண்ணப்பித்தால் வருமான வரி அதிகாரி தன் விருப்புரிமைப்படி கெடுவை நீட்டிக்கலாம். அதற்கென்று படிவம் 6 என்ற ஒன்று இருந்தது. பெயர், முகவரி, மதிப்பீட்டு ஆண்டு, என்ன காரணம், எந்தத் தேதி வரை வேண்டும் என்பதெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீட்டித்த காலத்துக்கு வட்டி உண்டு. விண்ணப்பிக்காமல் தாமதித்தால் அபராதம் தனி: மாதத்துக்கு வரியில் 2 சதவீதம், உச்சவரம்பு 50 சதவீதம்.

அந்தக் காலத்து ஆடிட்டர் அலுவலகங்களில் ஜூன், ஜூலை மாதங்களில் படிவம் 6 கட்டுக்கட்டாகப் போகும். "கணக்குப் புத்தகங்கள் எழுதி முடியவில்லை" என்ற ஒரே வாக்கியம் எல்லாவற்றிலும் இருக்கும். கையெழுத்து மட்டும் வேறு. அதிகாரி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், பதிலே சொல்லாமலும் இருக்கலாம். பதில் வராவிட்டால் கிடைத்ததாகக் கொள்வதா, மறுத்ததாகக் கொள்வதா என்று வழக்குகள் நடந்தன. ஒருவருடைய விருப்புரிமையைச் சார்ந்து பலர் நிற்கும் இடத்தில் என்னவெல்லாம் நடக்குமோ அதெல்லாம் அங்கேயும் நடந்தது. அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த அவையில் அனுபவஸ்தர்கள் இருக்கிறீர்கள்.

1987இல் நேர்முக வரிச் சட்டங்களுக்குத் திருத்தம் வந்தது. 1989 ஏப்ரல் 1 முதல் 139ஆம் பிரிவு புது வடிவம் பெற்றது. அதிகாரியின் விருப்புரிமை போனது. தாமதத்துக்கான அபராதமும் போய், 234ஏ என்ற கட்டாய வட்டி வந்தது. இன்று அது மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. யாரையும் கெஞ்ச வேண்டாம், யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம், தாமதித்தால் வட்டி கட்டு, அவ்வளவுதான். நல்ல சீர்திருத்தம் என்றே அன்று எல்லோரும் நினைத்தோம். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். படிவம் 6 போனதை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் தாமதத்தின் விலை அப்போது பெரும்பாலோருக்கு வட்டி மட்டும்தான்.

அந்த விலை பிறகுதான் ஏறியது. 2017 நிதிச் சட்டம் 234எஃப் என்ற தாமதக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இப்போது அது 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். இதில் ஒரு விசித்திரம் உண்டு. புதிய வரிமுறையில் தள்ளுபடி காரணமாக 12 லட்சம் ரூபாய் வரை சம்பள வருமானத்துக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அப்படிப்பட்ட ஒருவர் ரிட்டர்னை ஒரு நாள் தாமதித்தாலும் கட்டணம் 5,000 ரூபாய். அரசுக்கு ஒரு காசு பாக்கி இல்லை, தாமதத்தால் அரசுக்கு ஒரு காசு நட்டமில்லை, ஆனாலும் கட்டணம்.

அதைவிடக் கனமான அடி இன்னொன்று. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பு முறை. பழைய முறை வேண்டும் என்றால், தொழில் வருமானம் இல்லாத ஒருவர் கெடுவுக்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெடு தவறினால் அந்த உரிமை போய்விடும். நவி மும்பையில் வங்கிக் கடனில் வீடு வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு, பழைய முறையின் வட்டிக் கழிவும் போய்விடுவதால், ஒரு நாள் தாமதத்தின் விலை 5,000 ரூபாயோடு நிற்காது. பங்குச் சந்தையில் நட்டப்பட்டவருக்கும் இதே கதி: தாமத ரிட்டர்னில் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக முடியாது. ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு வட்டிக் காலம் சுருங்கும். ஆக, 1989இல் பெரும்பாலோருக்கு வெறும் வட்டிக் கணக்காக இருந்த தாமதம் இன்று உரிமை இழப்பாக ஆகிவிட்டது. விலை ஏறியபோது, அவகாசம் கேட்கும் வழியைத் திரும்பத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதற்குப் பதில் இருப்பது 119ஆம் பிரிவு. மத்திய நேர்முக வரிகள் வாரியம் பொது உத்தரவு போட்டு எல்லோருக்கும் நாளைத் தள்ளிவைக்கலாம். இதுதான் நாம் ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கும் திருவிழா. 2018இல் ஜூலை 31 ஆகஸ்ட் 31 ஆனது. வெள்ளத்தில் மூழ்கிய கேரளத்துக்கு மட்டும் செப்டம்பர் 15 வரை. கொரோனா ஆண்டில் நவம்பர் 30, டிசம்பர் 31, பிறகு 2021 ஜனவரி 10 என்று நகர்ந்தது. 2021 ஜூன் 7இல் இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய போர்ட்டல் வந்தது. வந்த நாள் முதல் தகராறு. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை அழைத்து, செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொல்லிக் கெடு விதித்தார். கெடு விதிக்கும் துறையே கெடு கேட்டு நின்ற அந்தக் காட்சியை ஆடிட்டர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை போனது.

பிறகு மூன்று ஆண்டுகள் அரசு இறங்கிவரவே இல்லை. 2022 ஜூலை 31 அன்று ஒரே நாளில் 72.42 லட்சம் ரிட்டர்ன்கள் தாக்கலாயின. 2023இல் கடைசி நாளில் 64.33 லட்சம், 2024இல் 69.92 லட்சம். அந்த மூன்று ஆண்டுகளில் கெடுவுக்குள் வந்த மொத்த எண்ணிக்கை 5.83 கோடியிலிருந்து 7.28 கோடியாக உயர்ந்தது. "பார்த்தீர்களா, நீட்டிக்காவிட்டாலும் ஜனங்கள் கொடுக்கிறார்கள்" என்பது அரசுத் தரப்பு வாதம். அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். பொது நீட்டிப்பு பழக்கமானால் யாரும் நேரத்துக்கு வர மாட்டார்கள் என்பது உண்மைதான். நம் ஊர்க் கல்யாணத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் 2025ஐப் பாருங்கள். படிவங்களில் பெரிய மாற்றம், மென்பொருள் தயாரிக்க நேரம் வேண்டும் என்று சொல்லி மே 27ஆம் தேதியே வாரியம் தானாக ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கியது. அதாவது அவகாசம் முதலில் தேவைப்பட்டது துறைக்கு. மூலதன ஆதாயம் உள்ளவர்களுக்கான இரண்டாம் எண் படிவத்தின் மென்பொருள் ஜூலையில்தான் வந்தது. செப்டம்பர் நடுவில், கெடு 30ஆம் தேதி வரை நீண்டுவிட்டது என்று ஒரு போலிச் செய்தி சுற்றியது. அது பொய், கெடு 15தான் என்று துறை மறுத்தது. 15ஆம் தேதி முழுவதும் போர்ட்டல் திணறியது. நள்ளிரவு நெருங்கும்போது ஒரே ஒரு நாள், 16ஆம் தேதி வரை நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. கூடவே, இரவு 12 மணியிலிருந்து இரண்டரை மணி வரை போர்ட்டல் பராமரிப்பில் இருக்கும் என்றும் ஒரு வரி.

அந்த ஒரு நாள் யாருக்காகக் கொடுக்கப்பட்டது? நேரத்தோடு பத்து மணிக்குப் படுத்துத் தூங்கியவருக்குச் சேதியே தெரியாது. முன்கூட்டியே தாக்கல் செய்தவருக்கு அது தேவையில்லை. மருத்துவமனையில் இருந்தவருக்கு ஒரு நாள் போதாது. காரணம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே தராசில் நிறுத்தி, இருவருக்கும் ஒரு நாள். பொது நீட்டிப்பின் குறை இதுதான். காரணமே இல்லாதவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. உண்மையான காரணம் உள்ளவருக்கு, வாரியத்தின் மனம் இளகாத ஆண்டில் ஒன்றுமே கிடைக்காது.

இந்த நகரை எடுத்துக்கொள்வோம். நான்காம் காலாண்டின் டிடிஎஸ் விவரத்தைச் சம்பளம் கொடுக்கும் அலுவலகம் மே 31க்குள் கொடுக்க வேண்டும். ஃபார்ம் 16 ஜூன் 15க்குள் கைக்கு வர வேண்டும். ஆண்டுத் தகவல் அறிக்கையில் வங்கி வட்டி, பங்கு விற்பனை எல்லாம் சரியாக ஏறி நிற்க ஜூன் பாதி தாண்டிவிடும். பெயருக்கு நான்கு மாதம். கையில் இருப்பது ஜூன் பாதியிலிருந்து ஜூலை முடிய ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதத்தில்தான் மும்பை மழையும், பள்ளித் திறப்பும், பணியிட மாற்றமும். கல்பாக்கத்திலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ தாராப்பூரிலிருந்தோ இங்கே மாற்றலாகி வந்தவரைக் கேளுங்கள். பழைய அலுவலகக் கணக்கையும் புதிய அலுவலகக் கணக்கையும் ஒட்டிப் பார்ப்பதற்குள் மாதம் போய்விடும். சம்பளக் கமிஷன் நிலுவை வந்த ஆண்டில் 10இ படிவத்தை முதலில் கொடுத்துவிட்டுத்தான் ரிட்டர்ன் கொடுக்க வேண்டும். மறந்தால் நிலுவைக்கான வரி நிவாரணம் நிற்கும். எட்டாவது கமிஷன் நிலுவை வரும்போது இந்தத் தொல்லையை எல்லோரும் சந்தோஷமாகவே தாங்கிக்கொள்வீர்கள் என்பது வேறு விஷயம்.

தாராவியில் நிலைமை வேறு. தோல் பை தைப்பவரும் பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுபவரும் ரிட்டர்ன் கொடுப்பது பெரும்பாலும் வங்கிக்காக. கடன் கேட்டால் மூன்று ஆண்டு ரிட்டர்ன் கொண்டுவா என்பார்கள். அவருக்கு ஆயிரம் ரூபாய்க் கட்டணம்கூட உறுத்தும். காகித ரிட்டர்ன் காலத்தில் லால்பாக் பிரமல் சேம்பர்ஸிலும் மகரிஷி கார்வே சாலை ஆயகர் பவனிலும், சென்னையில் நுங்கம்பாக்கத்திலும், கடைசி நாட்களில் சிறப்புக் கவுன்டர் போட்டு வாங்குவார்கள். வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு குமாஸ்தா, "ஆறு மணி ஆனாலும் வாங்கிக்கிறேன், நில்லுங்க" என்று சொல்ல முடிந்தது. இணையத்தில் வரிசையும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. வரிசை போனதற்கு நான் வருந்தவில்லை.

இந்த நகரில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அங்கே ஏப்ரல் 15 கெடு. 4868 என்ற எண்ணுள்ள படிவத்தை அதற்குள் கொடுத்தால் அக்டோபர் 15 வரை ஆறு மாதம் தானாகக் கிடைக்கும். காரணம் கேட்கமாட்டார்கள். ஒரே நிபந்தனை: வரியை மதிப்பிட்டு ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வட்டி ஓடும். கணக்குக் கொடுக்கும் நாள் வேறு, காசு கொடுக்கும் நாள் வேறு என்று தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். வரி பாக்கி இல்லாதவருக்குத் தாமத அபராதமும் பொதுவாகக் கிடையாது, ஏனென்றால் அபராதமே பாக்கி வரியின் சதவீதம்தான். பிரிட்டன் கொஞ்சம் கறார்: வரி பாக்கி இல்லாவிட்டாலும் 100 பவுண்டு. ஆனால் ஏப்ரல் 5இல் முடியும் ஆண்டுக்கு இணையவழிக் கெடு அடுத்த ஜனவரி 31. தகுந்த காரணம் இருந்தால் அபராதத்தை எதிர்த்து முறையிடலாம். மகன் நியூ ஜெர்சியில் காரணமே சொல்லாமல் ஆறு மாதம் வாங்குகிறான். அப்பா அணுசக்தி நகரில் மாரடைப்பைக் காரணம் காட்டியும் ஆறு நாள் வாங்க முடியாது.

கெடு முடிந்த பிறகு ஒரு வழி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 119(2)(பி) பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கும்படி மனுச் செய்யலாம். 2024 அக்டோபர் 1ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, ரீஃபண்ட் அல்லது நட்டத் தொகை 1 கோடி ரூபாய் வரை என்றால் முதன்மை ஆணையர் முடிவெடுப்பார்; 3 கோடி வரை தலைமை ஆணையர்; அதற்கு மேல் முதன்மைத் தலைமை ஆணையர். ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். இயன்றவரை ஆறு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆறு நாள் தாமதத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பு! உண்மையான கஷ்டம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அங்கே மறுபடியும் அதிகாரியின் விருப்புரிமை. 1989இல் வாசலில் துரத்தியது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

தாமத மன்னிப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1987இல் அனந்த்நாக் நில எடுப்பு வழக்கில் சொன்னது இன்றும் எல்லா மனுக்களிலும் மேற்கோளாகிறது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்பதென்றால் ஒவ்வொரு மணிக்கும் ஏன் கேட்கக்கூடாது என்ற பொருளில் நீதிமன்றம் எழுதியது. பலருக்குத் தெரியாதது, அந்த வழக்கில் நான்கு நாள் தாமதமாக வந்தவர் குடிமகன் இல்லை, அரசாங்கம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தாமதம் எப்போதும் அப்பாவித்தனமாக இருப்பதில்லை. ரிட்டர்னே கொடுக்காமல் இருந்ததற்காக ஜெயலலிதா, சசிகலா மீதும் அவர்களுடைய சசி என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் மீதும் 276சிசி பிரிவில் தொடரப்பட்ட வழக்கு நினைவிருக்கும். 1990களின் முற்பகுதி ஆண்டுகளுக்கான ரிட்டர்ன்கள் அவை. 2014 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தாமத ரிட்டர்னுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது என்பதால், உரிய நாளில் கொடுக்காத குற்றம் கரைந்துபோகாது. நான்கு மாதத்தில் விசாரணையை முடிக்கவும் உத்தரவிட்டது. பின்னர் கட்டணம் செலுத்திச் சமரசமாக அது முடிந்தது. நாள் பிசகுவது சிறைவரை போகக்கூடிய விஷயம் என்று தமிழ்நாடு அன்று தெரிந்துகொண்டது. வரியை மறைப்பதற்காகத் தாமதிப்பவரையும், ஃபார்ம் 16 வராததால் தாமதிப்பவரையும் வேறுபடுத்திக் காட்டும் ஒரு காகிதம் முன்கூட்டியே பதிவில் இருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லதுதானே? படிவம் 6 செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான்.

ஒருவர் கேட்க முடியாத இடத்தில் சங்கங்கள் கேட்கின்றன, நீதிமன்றம் போகின்றன. 2014இல் குஜராத் உயர் நீதிமன்றம் வரித் தணிக்கையாளர் சங்கங்களின் மனுவில் கெடுவைத் தள்ளியது. நம் மும்பையிலேயே அண்மையில் நடந்தது இன்னும் சுவையானது. 2024 ஜூலை 5 முதல் துறையின் மென்பொருள், சிறப்பு விகித வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ தள்ளுபடியைக் கேட்கவே விடாமல் மாற்றப்பட்டிருந்தது. 4ஆம் தேதி கொடுத்தவர் கேட்க முடிந்ததை 6ஆம் தேதி கொடுத்தவர் கேட்க முடியவில்லை. 1926இலிருந்து இயங்கும் மும்பையின் சேம்பர் ஆஃப் டாக்ஸ் கன்சல்டன்ட்ஸ் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின் பேரில் டிசம்பர் 31 கெடு 2025 ஜனவரி 15 ஆனது. நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி, தள்ளுபடி உண்டா இல்லையா என்பதல்ல. குடிமகன் ஒன்றைக் கேட்பதையே மென்பொருள் தடுக்கலாமா என்பது. எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. கெடு நீட்டிப்புக்கும் அதையே கேட்கிறேன்: கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், கேட்க ஓர் இடம் எங்கே?

என் யோசனை சிறியது. போர்ட்டலில் ஒரு பக்கப் படிவம். கெடுவுக்கு முன் நிரப்ப வேண்டும். மதிப்பிட்ட வரியைக் கட்டி, செலுத்துச்சீட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு மாதம் தானாகக் கிடைக்க வேண்டும். அதிகாரி யாரும் அதைப் பார்க்கத் தேவையில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நட்டத்தைக் கொண்டுபோகும் உரிமையும் அந்த இரண்டு மாதமும் உயிரோடு இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் கடைசி நாளில் 70 லட்சம் பேர் மோதமாட்டார்கள், நள்ளிரவு அறிவிப்பும் தேவைப்படாது. இதில் ஊழலுக்கு இடமில்லை, ஏனென்றால் இதில் மனிதரே இல்லை. 1989இல் இணையவழித் தாக்கல் இல்லை. விருப்புரிமையை ஒழிக்க விண்ணப்பத்தையே ஒழிக்க வேண்டியிருந்தது. இன்று விருப்புரிமை இல்லாத விண்ணப்பம் சாத்தியம்.

"எல்லோரும் அதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்" என்பார்கள். போகட்டுமே. வரி வந்துவிட்டது. கணக்கு இரண்டு மாதம் கழித்து வந்தால் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையத்துக்கு வேலை பரவி வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 536 பிரிவுகளோடு. மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே போய் வரி ஆண்டு என்று ஆகிறது. ரிட்டர்ன் பற்றிய 263ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கெடுக்கள் இருக்கின்றன, தாமத ரிட்டர்ன் இருக்கிறது, திருத்திய ரிட்டர்ன் இருக்கிறது, கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. தனி ஒருவர் அவகாசம் கேட்கும் வாசகம் மட்டும் அதில் இல்லை.

அந்த வாசகம் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு விவரம் வராமல் நிற்கிறது என்றால் அதற்காக முழு ரிட்டர்னையும் நிறுத்திவைக்காதீர்கள். தெரிந்த வருமானத்தை நேர்மையாகக் காட்டி, வரியைச் சற்றுக் கூடவே கட்டி, பழைய முறை வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். விவரம் வந்த பின் திருத்திய ரிட்டர்ன் கொடுக்கலாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும்; ஆதார் ஒடிபி வரும் கைபேசி எண் ஊரில் அண்ணனிடம் இருந்தால் இன்று இரவே பேசிவிடுங்கள். கேள்விகள் இருந்தால் மேடைக்கு வாருங்கள். சொந்தக் கணக்கைக் கையோடு கொண்டுவந்தவர்கள் மட்டும் தேநீர் இடைவேளை வரை பொறுத்திருங்கள்.